குட்டை ஆன்டெனாவில் சுருளின் இடம்

இந்தியாவில் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட 7.0 முதல் 7.2 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் அலைநீளம் ஏறத்தாழ 42 மீட்டர். செங்குத்தாக நிற்கும் ஒரு கம்பி அந்த அதிர்வெண்ணில் தானாகவே ஒத்ததிர வேண்டுமானால் அதற்குக் கால் அலைநீள உயரம் வேண்டும். நடைமுறையில் பத்து மீட்டர். மூன்று மாடி உயரம் அது. ஓடும் காரின்மேல் நிறுத்தக்கூடியதோ இரண்டரை மீட்டர்தான். அதற்குமேல் போனால் பாலத்தின் அடியிலும் மரக்கிளையிலும் இடிக்கும், காற்றில் வளையும், தாழ்ந்து தொங்கும் மின்கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆக, காரில் நிற்கும் ஆன்டெனா வேண்டிய உயரத்தில் நான்கில் ஒரு பங்குதான். 3.65 மெகா ஹெர்ட்ஸுக்கு வந்தால் எட்டில் ஒரு பங்கு. இந்தக் குறையைச் சரிக்கட்டவே கம்பியில் ஒரு சுருள் சேர்க்கப்படுகிறது. ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் அதை லோடிங் காயில் என்பார்கள். அந்தச் சுருளைக் கம்பியின் அடியில் வைப்பதா, நடுவில் வைப்பதா, உச்சிக்கு அருகில் வைப்பதா என்பதைப் பொறுத்து, வானொலிப்பெட்டி தரும் ஆற்றலில் எவ்வளவு அலையாக வெளியேறும் என்பது மாறுகிறது.

இரண்டரை மீட்டர் நீளமும் சராசரியாக 6 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள கம்பியை எடுத்துக்கொள்ளலாம். 7.1 மெகா ஹெர்ட்ஸில் வானொலிப்பெட்டிக்கு அது ஒரு சிறிய மின்தேக்கியாகத் தெரியும். அளவு சுமார் 25 பிகோஃபாரட். அந்த அதிர்வெண்ணில் அதன் மின்மறுப்பு சுமார் 880 ஓம். அதனுடன் தொடரில் ஒரு சின்ன மின்தடை. 880 ஓம் எதிரே நிற்கும்போது மின்னோட்டம் உள்ளே போகாது. மின்தூண்டியின் மின்மறுப்பு மின்தேக்கியின் மின்மறுப்புக்கு நேர் எதிரானது. ஆகவே கம்பியின் அடியில் 880 ஓம் மின்மறுப்புள்ள சுருளை, அதாவது சுமார் 20 மைக்ரோஹென்றி சுருளை, வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது மின்தடை மட்டுமே. ஆன்டெனாவோடு சுருளைச் சேர்த்து அதை ஓர் அதிர்வெண்ணுக்கு இசைவாக்கும் யோசனை வானொலியின் பிறப்போடு வந்தது. ஆலிவர் லாட்ஜ் 1897இல் விண்ணப்பித்த காப்புரிமையிலேயே அது உண்டு.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. விடுபட்ட ஏழரை மீட்டர் கம்பியைச் சுருட்டி ஒரு சுருளாக்கி வைத்துவிட்டால், ஆன்டெனா மறுபடியும் பத்து மீட்டர் ஆன்டெனா ஆகிவிடும் என்பது அந்த எண்ணம். அப்படி ஆகாது. சுருள் செய்வது மின்மறுப்பை அழிப்பது மட்டுமே. அலையை வெளியே அனுப்புவது வெளியில் நீண்டு நிற்கும் கம்பியும் அதில் ஓடும் மின்னோட்டமும்தான். சுருளுக்குள் முடங்கிய கம்பியில் ஓடும் மின்னோட்டம் அலையாக வெளியேறுவது மிகக் குறைவு. அது பெரும்பாலும் வெப்பமாகவே போய்விடுகிறது.

கம்பியின் நுனியில் மின்னோட்டம் பூச்சியம். அதற்கு மேல் போக வழியில்லை. அடியில் அது உச்ச அளவில் இருக்கும். குட்டைக் கம்பியில் இரண்டுக்கும் நடுவே மின்னோட்டம் ஏறத்தாழ நேர்கோட்டில் குறைந்துகொண்டே போகும். வரைந்தால் ஒரு முக்கோணம். சுருள் அடியில் இருந்தாலும் இந்த முக்கோணம் மாறாது. சுருளுக்கு மேலே இருப்பது அதே வெறுங்கம்பி என்பதால். சுருளை நடுவில் வைத்தால் படம் மாறிவிடும். சுருளுக்குக் கீழே உள்ள ஒன்றேகால் மீட்டரில் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரே அளவாக ஓடும். சுருளைக் கடந்த பிறகுதான் சரிவு தொடங்கும். செவ்வகத்தின்மேல் முக்கோணம் வைத்தது போன்ற வடிவம் கிடைக்கும். கம்பி முழுவதற்கும் சராசரி எடுத்தால், அடியில் சுருள் உள்ளபோது அடி மின்னோட்டத்தில் பாதி. நடுவில் உள்ளபோது முக்கால். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் வைத்தால் ஆறில் ஐந்து.

அலையாக வெளியேறும் ஆற்றல் இந்தச் சராசரியின் இருமடியைப் பொறுத்தது. அதை அளப்பதற்கு வைத்த பெயர் கதிர்வீச்சு மின்தடை. இது எந்தப் பொருளிலும் இல்லாத மின்தடை. ஆன்டெனாவிலிருந்து அலையாகப் போய்விடும் ஆற்றலை, ஒரு மின்தடையில் செலவானதுபோலக் கணக்கெழுதும் முறை. அது பெரிதாக இருப்பதே நல்லது. கால் அலைநீளக் கம்பிக்கு அது 36 ஓம். நம் இரண்டரை மீட்டர் கம்பிக்கு 7.1 மெகா ஹெர்ட்ஸில், சுருள் அடியில் இருந்தால் 1.4 ஓம்தான். நடுவுக்கு உயர்த்தினால் 3.1 ஓம். மூன்றில் இரண்டு பங்கில் 3.8 ஓம். மின்னோட்டம் அடி முதல் நுனி வரை ஒரே அளவாக ஓடும் கற்பனை நிலையில்கூட 5.5 ஓம், அடிச்சுருளைவிட நான்கு மடங்கு. இந்த எல்லையை எந்தச் சுருளாலும் தாண்ட முடியாது.

இவ்வளவோடு நின்றால் முடிவு எளிது: சுருளை ஏற்ற முடிந்த அளவுக்கு ஏற்றிவிடலாம். ஆனால் ஏற்றுவதற்கு ஒரு விலை உண்டு. சுருள் அழிக்க வேண்டியது தனக்கு மேலே உள்ள கம்பியின் மின்தேக்குத்திறனைத்தான். மேலே செல்லச் செல்ல, எஞ்சியிருக்கும் கம்பி குட்டையாகிறது, அதன் மின்தேக்குத்திறன் சுருங்குகிறது, மின்மறுப்பு எகிறுகிறது. அதற்கு ஈடாகச் சுருளும் பெருத்தாக வேண்டும். அடியில் 20 மைக்ரோஹென்றி போதுமாக இருந்த இடத்தில், நடுவில் 40 வேண்டும். முக்கால் உயரத்தில் 80 அளவுக்குப் போகும். பத்தில் ஒன்பது பங்கு உயரத்தில் 200ஐத் தொடும். நுனியிலேயே வைத்தால் மேலே எதுவும் இல்லை. எவ்வளவு பெரிய சுருளாலும் ஒத்ததிர வைக்க முடியாது. பெரிய சுருளில் கம்பி அதிகம், கம்பி அதிகமானால் மின்தடையும் அதிகம். சுருளின் மின்மறுப்பை அதன் மின்தடையால் வகுத்தால் கிடைப்பது தரக் காரணி. நன்றாகச் செய்த சுருளுக்கு அது 300 அளவில் இருக்கும். மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிய ஒல்லிச் சுருளுக்கு 50கூட வராமல் போகலாம்.

மூன்றாவது பங்காளி நிலம். செங்குத்து ஆன்டெனாவில் புறப்படும் மின்னோட்டம் எங்காவது திரும்பி வந்தாக வேண்டும். வீட்டுக் கொல்லையில் என்றால் அதற்காகத் தரையில் கம்பிகளைப் பரப்பி வைக்கலாம். காரில் அந்த வசதி இல்லை. காரின் உடல் தரைக்கு மேலே மிதக்கும் ஒரு தகடு. அதற்கும் மண்ணுக்கும் இடையே உள்ள மின்தேக்குத்திறன் வழியாக மின்னோட்டம் மண்ணில் இறங்கிப் பரவித் திரும்புகிறது. மண் நல்ல கடத்தியல்ல. அங்கே ஆற்றல் சூடாகத் தொலைகிறது. இந்த நில இழப்பு காருக்குக் கார், மண்ணுக்கு மண் மாறும். கணக்குக்காக 10 ஓம் என்று வைத்துக்கொள்வது நியாயமானது.

கதிர்வீச்சு மின்தடை, சுருளின் மின்தடை, நில இழப்பு ஆகிய மூன்றும் தொடரில் இணைந்தவை. வானொலிப்பெட்டி தரும் 100 வாட் இந்த மூன்றுக்கும் அவற்றின் அளவுக்கேற்பப் பங்கிடப்படும். முதல் பங்கு மட்டுமே காற்றில் ஏறுகிறது. தரக் காரணி 300 உள்ள சுருள் அடியில் இருந்தால் 1.4, 3, 10. மொத்தம் 14.4 ஓம், காற்றில் ஏறுவது ஏறத்தாழ 10 வாட். அதே தரமுள்ள சுருள் நடுவில் இருந்தால் 3.1, 6, 10. காற்றில் ஏறுவது 16 வாட். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் 3.8, 9, 10. ஏறுவது 17 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. முக்கால் உயரத்தில் மறுபடியும் 16. பத்தில் ஒன்பது பங்கில் சுருளே 30 ஓம் தின்றுவிடும். காற்றில் ஏறுவது 11 வாட். அடியில் இருந்து நடுவுக்கு வரும்போது கணிசமான லாபம் கிடைக்கிறது. நடுவிலிருந்து முக்கால் உயரம் வரை வரைபடம் ஒரு பீடபூமிபோல் தட்டையாக ஓடுகிறது. அதற்குப் பிறகு சரிவு. ஆகவே ‘சுருளுக்கு மிகச் சிறந்த இடம் இத்தனை சென்டிமீட்டர்’ என்று துல்லியமாகச் சொல்வதற்கு இதில் இடமே இல்லை.

இந்த எண்களை மாற்றிப் பார்த்தால்தான் உண்மையான விதி வெளிப்படுகிறது. நில இழப்பே இல்லாத ஒரு கார் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அப்போது அடிச்சுருளுக்கு 1.4க்கு எதிராக 3 ஓம், நடுச்சுருளுக்கு 3.1க்கு எதிராக 6 ஓம். முன்னதில் 32 சதவீதம், பின்னதில் 34 சதவீதம். இடம் மாற்றியதால் கிடைத்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கதிர்வீச்சு மின்தடை கூடிய அதே வேகத்தில் சுருளின் மின்தடையும் கூடிவிட்டது. நில இழப்பு 10 ஓமாகவே இருந்து, சுருள் மட்டும் தரக் காரணி 50 உள்ள மட்டமான சுருளாக இருந்தால் அடியில் 5 சதவீதம், நடுவில் 6 சதவீதம். சுருளை உயர்த்துவது எப்போது பலன் தருகிறது என்றால், சுருள் நல்ல சுருளாகவும் நிலம் மோசமாகவும் இருக்கும்போது. நில இழப்புக்கு எதிரே கதிர்வீச்சு மின்தடையைத் தூக்கி நிறுத்துவதே சுருளை உயர்த்துவதன் வேலை. சுருளே ஆற்றலைத் தின்னும் இடத்தில், அதை இன்னும் பெரிதாக்கி மேலே வைப்பது வீண் உழைப்பு.

இந்தச் சிக்கலை அமெச்சூர் வானொலியாளர்களுக்காகக் கணக்காக விரித்து எழுதியவர் கனடாவின் ஜான் பெல்ரோஸ். வண்டிகளுக்கான குட்டை ஆன்டெனாக்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1953 செப்டம்பர் கியூ.எஸ்.டி. இதழில் வந்தது. காரில் சிற்றலை பேசுவது அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. சுருளின் தரத்தையும் நில இழப்பையும் சேர்த்தே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற அணுகுமுறை அதன்பின் நிலைபெற்றது. இன்று கணினி மென்பொருளில் வரைந்து பார்த்தாலும் அடிப்படைப் படம் மாறவில்லை. மேலே உள்ள எண்கள் மின்னோட்டம் நேர்கோட்டில் குறைவதாகவும் சுருள் ஒரு புள்ளிபோலச் சிறியதாகவும் கொண்ட கணக்கு. நீளமான சுருளில் அடிமுனையை விட மேல்முனையில் மின்னோட்டம் சற்றுக் குறையும் என்பதால் நேரில் அளந்தால் சிறு வேறுபாடு வரும்.

3.65 மெகா ஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் கடுமை. அதே இரண்டரை மீட்டர் கம்பிக்கு அடியில் 77 மைக்ரோஹென்றி, நடுவில் 155 மைக்ரோஹென்றி வேண்டும். கதிர்வீச்சு மின்தடை அடிச்சுருளுக்கு ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், நடுச்சுருளுக்கு 0.8 ஓம். நில இழப்பு 12 ஓம் என்றால் 100 வாட்டில் காற்றில் ஏறுவது முன்னதில் 2 வாட், பின்னதில் 3.3 வாட். மீதி அனைத்தும் சுருளையும் மண்ணையும் சூடாக்குகிறது. இத்தனை சிறிய ஆற்றலில் காரிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குப் பேசுகிறார்கள் என்பது வியப்புக்குரியது. அயனி மண்டலம் அவ்வளவு தாராளமாக அலையைத் திருப்பித் தருகிறது.

அடியிலிருந்து நடுவுக்கு மாற்றியதால் கிடைக்கும் லாபம் இரண்டு பட்டைகளிலும் ஏறத்தாழ 2 டெசிபல். எதிர்முனையில் கேட்பவரின் அளவுமானியில் ஓர் எஸ் அலகு என்பது 6 டெசிபல். அதில் மூன்றில் ஒரு பங்கு இது. நிலையம் பலமாகக் கேட்கும்போது இந்த வேறுபாட்டை யாரும் உணரமாட்டார்கள். இரைச்சலின் விளிம்பில் குரல் தத்தளிக்கும்போது அதே 2 டெசிபல் ஒரு சொல்லைப் புரியவைக்கும். சுருளின் தரக் காரணியை 100லிருந்து 300க்கு உயர்த்தினாலும் நடுச்சுருள் ஆன்டெனாவில் இதே 2 டெசிபல் கிடைக்கும். இடத்தைப் பற்றி நடக்கும் வாதங்களில் பாதியாவது சுருளின் தரத்தைப் பற்றி நடந்திருக்க வேண்டியவை.

நல்ல சுருள் எப்படி இருக்கும்? 40 மைக்ரோஹென்றிக்கு ஒரு மாதிரி: 6 சென்டிமீட்டர் குறுக்களவு, 10 சென்டிமீட்டர் நீளம், 38 சுற்று. 1.3 மில்லிமீட்டர் செம்புக்கம்பி; அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே கம்பியின் தடிப்புக்குச் சமமான இடைவெளி. நெருக்கிச் சுற்றினால் ஒரு சுற்றின் காந்தப்புலம் பக்கத்துச் சுற்றின் மின்னோட்டத்தை ஓரத்துக்குத் தள்ளி மின்தடையைக் கூட்டிவிடும். 7 மெகா ஹெர்ட்ஸில் செம்புக்குள் மின்னோட்டம் இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. ஓட்டம் முழுவதும் மேற்பரப்பில்தான். அதனால் கம்பியின் உள்ளிருக்கும் உலோகத்தைவிட அதன் சுற்றளவே முக்கியம். சுருளைத் தாங்கும் உருளை இயன்றவரை மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளாக இருப்பது நல்லது. சுருளின் இரு முனைகளிலும் பெரிய உலோக மூடிகளைப் பொருத்துவது தயாரிப்பாளருக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் அவை சுருளின் காந்தப்புலத்துக்குள் நின்று தரக் காரணியைக் கெடுக்கும். பயன்படாத சுற்றுகளைக் கிளிப் போட்டுக் குறுக்கிணைப்பதும் அதே கெடுதலைச் செய்யும். மழைநீரும் சாலைப் புழுதியும் சுற்றுகளுக்கிடையே படிந்தால் தரமும் குறையும், ஒத்ததிர்வும் இடம் மாறும். அமெரிக்காவில் இந்தத் திறந்த பெரிய சுருள்களுக்குப் பூச்சிபிடிப்பான் என்று பட்டப்பெயரே உண்டு. நெடுஞ்சாலையில் ஓடும்போது பூச்சிகள் வந்து அதில் சிக்கும்.

உயரத்தில் சுருளை வைப்பதற்கு மின்னழுத்தமும் ஒரு விலை கேட்கிறது. மேலே சொன்ன நடுச்சுருள் ஆன்டெனாவுக்கு 100 வாட் கொடுத்தால் அடியில் 2.3 ஆம்பியர் ஓடும். சுருளின் மின்மறுப்பு 1784 ஓம். இரண்டையும் பெருக்கினால் சுருளின் இரு முனைகளுக்கு இடையே 4000 வோல்ட்டுக்கு மேல். இது பயனுறு (ஆர்.எம்.எஸ்.) மதிப்பு, உச்சமதிப்பு 5800 வோல்ட்டை நெருங்கும். சுருளின் மேல்முனையிலும் அதற்கு மேலே உள்ள கம்பியிலும் அந்த அழுத்தம் நிற்கிறது. கம்பியின் நுனி கூராக இருந்தால் இருட்டில் ஊதா ஒளிப்பொறியாகத் தெரியும். அதனால்தான் நுனியில் ஒரு சிறிய உலோக உருண்டை வைக்கிறார்கள். ஒலிபரப்பும்போது யாரும் கம்பியைத் தொடக்கூடாது, தோல் கருகிவிடும். காற்றின் அழுத்தமும் கணக்கில் வரும். கனமான சுருள் நடுவுக்கு மேலே போனால் வேகமாக ஓடும் காரில் கம்பி பின்னுக்குச் சாயும், சாயும்போது காரின் உடலோடு உள்ள மின்தேக்குத்திறன் மாறி ஒத்ததிர்வும் ஆடும். நடுச்சுருளை நைலான் கயிறு கொண்டு கட்டி நிறுத்துவது இதனால் வழக்கமாயிற்று.

சுருளை இன்னும் மேலே ஏற்றுவதைவிடப் பலன் தரும் ஒரு வழி இருக்கிறது. ஆன்டெனாவின் நுனியில் ஒரு தொப்பி வைப்பது. தகடாகவோ, சக்கரத்தின் ஆரங்கள்போலப் பரப்பிய கம்பிகளாகவோ அது இருக்கலாம். 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தகடு தனியாகவே சுமார் 10 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் தரும். நடுச்சுருளுக்கு மேலே உள்ள கம்பியின் மின்தேக்குத்திறன் மொத்தமே 12 பிகோஃபாரட்தான். ஆகவே தொப்பி வைத்ததும் வேண்டிய சுருள் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடும். அதன் மின்தடையும் பாதியாகும். நுனியில் மின்னோட்டம் பூச்சியமாக வேண்டிய கட்டாயமும் தளர்கிறது, ஏனென்றால் தொப்பிக்குள் அது போக இடம் கிடைத்துவிட்டது. கதிர்வீச்சு மின்தடை 3.1லிருந்து 4.2 ஓமுக்கு உயரும். முன்பு 16 வாட் ஏறிய இடத்தில் இப்போது 24 வாட்டை எதிர்பார்க்கலாம். சுருளை எங்கு வைத்தாலும் கிடைக்காத லாபம் இது. தொப்பியைச் சுருளின் தலையிலேயே ஒட்டினாற்போல் வைப்பதுதான் அடிக்கடி காணப்படும் பிழை. அப்போது தொப்பி சுருளுக்கு இணையான மின்தேக்கியாக வேலைசெய்து அதன் தரத்தைக் குறைக்கிறது. கம்பியின் நுனியில், சுருளிலிருந்து தள்ளி, அது இருக்க வேண்டும்.

இதுவரை கார் வெறும் தகடாகவே கருதப்பட்டது. உண்மையில் ஆன்டெனாவை எங்கே பொருத்துகிறோம் என்பது சுருளின் இடத்தோடு பிணைந்தது. பின்பக்க பம்பரில் பொருத்திய ஆன்டெனாவில் கம்பியின் கீழ்ப்பகுதி காரின் பின்கதவை ஒட்டி நிற்கும். அந்தப் பகுதியில் மேலே ஓடும் மின்னோட்டத்துக்கு எதிராகக் காரின் உடலில் கீழ்நோக்கி மின்னோட்டம் ஓடி, இரண்டும் வெளியே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கதிர்வீச்சுக்கு உதவுவது கூரைக்கு மேலே எழும் பகுதிதான். சுருளும் காரின் உடலுக்குப் பக்கத்தில் நின்றால் இரும்புத் தகட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டித் தன் தரத்தை இழக்கும். பம்பர் ஆன்டெனாவில் நடுச்சுருள் அடிச்சுருளைவிடத் தெளிவாக முன்னே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்: நடுவில் வைத்த சுருள் கூரை மட்டத்துக்கு மேலே தப்பிவிடுகிறது. கூரையின் நடுவில் பொருத்தினால் அடிச்சுருளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கூரையின்மேல் இரண்டரை மீட்டர் கம்பியை நிறுத்தினால் மொத்த உயரம் நான்கு மீட்டரைத் தொடும்.

நில இழப்பில் ஒரு பகுதி காருக்குள்ளேயே இருக்கிறது. பானெட், டிக்கிக் கதவு, கதவுகள் எல்லாம் கீல்களால் தொங்குகின்றன. கீல்களில் கிரீஸும் பெயின்டும். சிற்றலை மின்னோட்டத்துக்கு அவை தனித்தனித் தகடுகள். புகைக்குழாய் ரப்பர் தாங்கிகளில் தொங்குகிறது. இவற்றையெல்லாம் அகலமான பின்னல் செம்புப் பட்டையால் உடலோடு குட்டையாக இணைத்தால் இழப்பு குறையும். எஞ்சினிலிருந்து வரும் தீப்பொறி இரைச்சலும் அடங்கும். நில இழப்பு 10 ஓமிலிருந்து 5 ஓமுக்கு இறங்கினால் நடுச்சுருள் ஆன்டெனாவில் 16 வாட் 22 வாட்டாகும். ஒரு மாலைநேர வேலையில் கிடைக்கும் இந்த லாபத்தை விட்டுவிட்டுச் சுருளை ஐந்து சென்டிமீட்டர் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

எல்லாக் குழப்பங்களிலும் பெரியது நிலை அலை விகிதத்தை, ஹாம் வழக்கில் எஸ்.டபிள்யூ.ஆர். எனப்படுவதை, ஆன்டெனாவின் தரத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்வது. அந்த மீட்டர் காட்டுவது ஆன்டெனாவின் மொத்த மின்தடை 50 ஓமுக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதை மட்டுமே. மட்டமான சுருளோடு நடுச்சுருள் ஆன்டெனாவின் மூன்று மின்தடைகள் 3.1, 36, 10. கூட்டினால் 49 ஓம். மீட்டர் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று காட்டும், வாங்கியவர் மகிழ்வார், 100 வாட்டில் 73 வாட் சுருளை வெந்நீர்க் குழாயாக்கிக்கொண்டிருக்கும். நல்ல சுருளைப் போட்டதும் மொத்தம் 19 ஓமுக்கு இறங்கி மீட்டர் இரண்டரைக்கு மேல் காட்டும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பழைய சுருளையே திரும்பப் போடுவது வருத்தத்துக்குரிய தவறு. 20 ஓமை 50 ஓமாக்குவது எளிய வேலை. 7.1 மெகா ஹெர்ட்ஸில் ஆன்டெனாவின் அடியிலிருந்து காரின் உடலுக்கு 0.9 மைக்ரோஹென்றி அளவுள்ள சிறு சுருள் ஒன்றைக் குறுக்கே இணைத்து, பெரிய சுருளைச் சிறிதே திருத்தினால் போதும்.

அகலப் பட்டையும் அப்படித்தான் ஏமாற்றும். 3.65 மெகா ஹெர்ட்ஸில் நன்றாகச் செய்த ஆன்டெனா, மறுபடி இசைவாக்காமல் 20 முதல் 30 கிலோ ஹெர்ட்ஸ் அளவுக்கே தாங்கும். அதற்கு மேல் நகர்ந்தால் நுனிக்கம்பியை நீட்டியோ குறுக்கியோ சரிசெய்ய வேண்டும். 100 கிலோ ஹெர்ட்ஸ் முழுவதும் அசையாமல் நிற்கும் அதே நீள ஆன்டெனா, அந்த வசதியை இழப்பிலிருந்துதான் பெற்றிருக்கிறது. சிறிய ஆன்டெனாவில் அளவும் திறனும் பட்டை அகலமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் பிணைந்தவை என்பதை ஹெரால்ட் வீலர் 1947இல் நிறுவினார்.

சுருளை ஓரிடத்தில் வைக்காமல் கம்பி நெடுகப் பரப்புவதும் உண்டு. கண்ணாடியிழைத் தடியின்மேல் செம்புக்கம்பியைச் சுற்றி, மேல்பகுதியில் நெருக்கமாகவும் கீழ்ப்பகுதியில் விரித்தும் அமைத்த ஆன்டெனாக்கள் விலை மலிவு, எடை குறைவு, ஒரு பட்டைக்கு ஒன்று. மின்னோட்டப் பரவல் இவற்றில் மேல்சுருளை ஒத்திருக்கும். ஆனால் ஒல்லியான தடியில் நீண்ட மெல்லிய சுருளின் தரக் காரணி தாழ்ந்தது என்பதால் பலன் நடுத்தரம்தான். இதற்கு எதிர்முனையில் இருப்பது திருப்புளி ஆன்டெனா. கலிஃபோர்னியாவின் டான் ஜான்சன் பரப்பிய இந்த வகையில், கீழேயுள்ள தடித்த உலோகக் குழாய்க்குள்ளிருந்து ஒரு மோட்டார் சுருளை மேலே தள்ளும், உள்ளே இழுக்கும். தொடக்கத்தில் மின் திருப்புளியின் மோட்டாரே பயன்பட்டதால் அந்தப் பெயர். வெளியே தெரியும் சுற்றுகள் மட்டும் வேலைசெய்யும். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே பட்டை மாற்றலாம். குழாயே கீழ்க்கம்பியாக இருப்பதால் சுருள் அடிக்கு மேலே நிற்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் இதன் முழு நன்மையும் கிடைக்கும்.

14 மெகா ஹெர்ட்ஸுக்கு வரும்போது சுருளின் இடத்துக்கு இருந்த அழுத்தம் தளர்ந்துவிடுகிறது. இரண்டரை மீட்டர் கம்பி அங்கே தேவையான உயரத்தில் பாதி. நில இழப்பு 5 ஓம் என்றால் அடிச்சுருளில் 47 சதவீதமும் நடுச்சுருளில் 59 சதவீதமும் காற்றில் ஏறும். வேறுபாடு ஒரு டெசிபல். கூரையில் பொருத்திய அடிச்சுருளே அங்கே போதுமானது. 28.5 மெகா ஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 2.6 மீட்டர். சுருளே வேண்டாம்.

அதற்கும் மேலே, 145 மெகா ஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 52 சென்டிமீட்டர்தான். ஆனால் அந்தப் பட்டைக்கான கார் ஆன்டெனாக்களிலும் அடியிலோ நடுவிலோ சுருள் காணப்படும். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் இவற்றின் வேலை வேறு. எட்டில் ஐந்து பங்கு அலைநீளமுள்ள 1.3 மீட்டர் ஆன்டெனா, அடிவானத்தை நோக்கி அதிகம் வீசுவதற்காக வேண்டுமென்றே நீளமாகச் செய்யப்பட்டது. அந்த நீளத்தில் அடியில் ஒரு மின்தேக்குத்தன்மை எஞ்சும். அடிச்சுருள் அதை அழித்து 50 ஓமுக்குப் பொருத்துகிறது. இரண்டு துண்டுக் கம்பிகளுக்கு நடுவே உள்ள சுருளோ, மேல்துண்டின் மின்னோட்டம் கீழ்த்துண்டுக்கு எதிர்த்திசையில் ஓடிவிடாமல் அதன் கட்டத்தைத் திருப்பி, இரண்டு துண்டுகளும் ஒரே திசையில் சேர்ந்து வீசும்படி செய்கிறது. இங்கே சுருளின் இடம் அலைநீளத்தால் கட்டப்பட்டது. அதை நகர்த்தினால் ஆன்டெனாவின் இசைவு கெடும். சிற்றலைச் சுருளுக்குச் சொன்ன எந்தக் கணக்கையும் இதற்குக் கொண்டுவரக் கூடாது.